இருப்பு

நாரே வாரனில் ரயில் ஏறினால்
டாண்டினாங் வருவதற்குள் ஏழு அட்டை படிக்கலாம்.
முன்பக்கம் மருந்து, பின்பக்கம் அது செய்யும் வினை.
லித்தியம்: ஒருவகை உப்பு. தாகம், கைநடுக்கம்.
வாந்திபேதி வந்தால் ரத்தத்தில் ஏறிவிடும், உடனே சொல்.
குளோசபின்: வெள்ளணுக்களை எண்ணு,
மலச்சிக்கலைச் சிரித்துக் கடந்துவிடாதே,
இரவில் தலையணை எச்சிலில் நனையும்.
ஹாலோபெரிடால் அட்டையில் மட்டும்
காப்பி கொட்டிவிட்டது.
கடைசி இரண்டு வரி போயிற்று.
கரூரில் வங்கிக் கல்லா பார்த்தவள்
முப்பத்தெட்டு வயதில்
நர்சிங் பரீட்சைக்கு இப்படித்தான் போகிறேன்.

வார்டில் காலை ஏழுக்கு முதல் வேலை
மருந்து அலமாரியில் இருப்பு எண்ணுவது.
டயசிபம் நாற்பத்தாறு.
எண்ண இரண்டு பேர், இரண்டு கையெழுத்து.
"பேங்க் மாதிரிதான்" என்றேன்.
டெனிஸ் சிரிக்கவில்லை.

புவனேந்திரம், ஐம்பத்திரண்டு,
கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
குளிரறைச் சுவருக்குள்ளிருந்து
ஆட்கள் பேசியதால் இங்கே வந்தவர்.
பத்து நாளில் ஆட்கள் போய்விட்டார்கள்.
அவர் நடக்கத் தொடங்கினார்.
ஜன்னலிலிருந்து கதவுக்கு முப்பத்தொரு எட்டு,
திரும்பி வர இருபத்தொன்பது.
சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தார்.
கிரிக்கெட்டை நின்றபடி பார்த்தார்,
ஒரு கால் மாற்றி ஒரு கால்,
சுடுமணலில் செருப்பைத் தொலைத்தவர் போல.

கோப்பில் எழுதியிருந்தது: பதற்றம், கிளர்ச்சி.
தொலைபேசி மொழிபெயர்ப்பாளரும்
பதற்றம் என்றுதான் சொன்னாராம்.
பதற்றத்துக்கு மருந்தைக் கூட்டினார்கள்.
ஐந்து, ஏழரை ஆனது.
ஏழரைக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம்;
அதை டெனிஸிடம் விளக்க நேரமில்லை.
அவர் இன்னும் வேகமாய் நடந்தார்.

மாணவி மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி.
வணக்கம் சொல்லக் கூடாதென்று விதியில்லை.
சொன்னேன்.
நடையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து
"இருப்புக் கொள்ளேல்லை, தங்கச்சி" என்றார்.
"மனசுக்குள்ள ஏதாவது பயமா?"
"பயமொண்டுமில்லை. மனம் கதிரையிலதான் இருக்கு.
கால்தான் இருக்க விடுதில்லை."

இருப்புக் கொள்ளவில்லை.
என் வாயிலும் எத்தனையோ முறை வந்த சொல்தான்,
மகனுக்கு ஜுரம் அடித்தபோது, விசா இழுத்தடித்தபோது.
எனக்கு அது மனசு.
அவருக்கு அது முழங்கால், கெண்டைக்கால், பாதம்.

காப்பி குடித்த அந்த இரண்டு வரி
ஓய்வறைப் புத்தகத்தில் கிடைத்தது:
அகதீசியா. உட்கார இயலாமை.
நோயென்று நினைத்து மருந்தைக் கூட்டிவிடும் அபாயம் உண்டு.
கிரேக்கச் சொல்லாம்.
அவர்களுக்கும் இருப்புக் கொள்ளாமல் இருந்திருக்கிறது.

டெனிஸ் என்னைத் திட்டவில்லை, பாராட்டவுமில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரம் பார்த்து,
அவரை இரண்டு நிமிடம் உட்காரச் சொன்னார்.
பதினாலாவது நொடியில் குதிகால் துள்ளியது.
நாற்பதில் எழுந்துவிட்டார்,
மன்னிப்புக் கேட்டபடி.
அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாலையில் டாக்டர் பிரெனன் அளவைக் குறைத்தார்.
கூடவே புரோப்ரனலால், சின்ன மாத்திரை.
கொடுக்குமுன் நாடி பார், ரத்த அழுத்தம் பார்,
ஆஸ்துமா உண்டா என்று கேள்.
புதிய அட்டை எழுதினேன்.
மூடி போட்ட காப்பிக் குவளையும் ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை போனபோது
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.
டோஸ்ட்டிலிருந்து வெஜிமைட்டைச்
சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.
வெளியே ஒரு மேக்பை, கார் கண்ணாடியில்
தன்னையே கொத்திக்கொண்டிருந்தது.
"எப்படி இருக்கீங்க அண்ணா?"
"அவங்கள் திரும்ப வந்திட்டாங்கள், தங்கச்சி.
ரெண்டு பேர்தான். மெதுவாத்தான் கதைக்கிறாங்கள்."
சுரண்டியதைத் தட்டின் ஓரத்தில் தடவினார்.
"பரவாயில்லை. இப்ப இருந்து கேக்கலாம்."

டெனிஸிடம் சொல்லப் போனேன்,
'இருந்து' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று
நடைக்கூடம் முழுக்க யோசித்துக்கொண்டு.