பதிவில் இல்லாதது

ஹெலினாவிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.
பதினான்கு பக்கம்.
ஒன்பதாவதில் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்,
பெயர் சொல்லாமல்:
"விசாரணைப் பதிவு தெளிவாக உள்ளது."

தெளிவாகத்தான் இருக்கும்.
இருபத்திரண்டு வருடமாய் மைல்ஸ் சிட்டி கோர்ட்டில்
சுருக்கெழுத்து யந்திரம் என் முழங்காலுக்கு நடுவே.
வாயிலிருந்து வந்ததை மட்டும் அடிப்பேன்.
பெருமூச்சுக்கு விசை கிடையாது.

கேள்வி: அன்றிரவு பெட்ரோல் பங்க்கில் நீங்கள் பார்த்த ஆள் இவர்தானா?
பதில்: ஆமாம்.

தாளில் அடுத்தடுத்த வரிகள்.
நடுவே நகம் நுழையாது.
அன்றைக்கோ நடுவே
வெந்நீர்க் குழாய் ஏழு முறை இடித்தது.
எண்ணினேன், விரல்கள் சும்மா இருந்ததால்.
மாக்ஸீன் கூபிக் கையுறையைக் கழற்றி, மாட்டி,
மறுபடி கழற்றி,
ஆரின் ஹால்வர்சன் பக்கம் ஒருதரமும் திரும்பாமல்
மூன்றாம் வரிசையில் மைத்துனனைப் பார்த்தாள்.
அவன் தலையசைத்தானா,
கழுத்துச் சுளுக்கா, எனக்குத் தெரியாது.
பிறகுதான் அந்த ஆமாம்.

ஹால்வர்சனின் வக்கீல் அப்போது
மேஜைக்கடியில் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.
எழுந்து 'ஆட்சேபணை' என்றிருந்தால்
அடித்திருப்பேன். ஒரே அழுத்து.

ஹெலினாவின் ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள்.
என் காற்புள்ளி ஒன்றைக்கூட விடவில்லை.
சாட்சியை எடைபோடுவது நேரில் கண்ட ஜூரியின் வேலை,
நாங்கள் கண்டது காகிதம், என்கிறார்கள்.
சரிதான்.
கீழே எழுப்பாததை மேலே எழுப்ப முடியாது.
அதுவும் சரிதான்.
பிழையே இருந்தாலும் முடிவு மாறியிருக்காது.
இந்த வரியில் என் காபி ஆறிப்போனது.

"எங்காவது முடியணும் இல்லையா,"
என்றார் எங்கள் ஜட்ஜ், கோட்டு மாட்டியபடி.
முடியணும்தான்.
பங்க்கில் செத்த பையனின் அம்மா
அத்தனை நாளும் முதல் பெஞ்சில்தான் இருந்தாள்,
அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.
ஜூரி முடிவு சொன்னதும்
அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.
அதையும் நான் அடிக்கவில்லை.

பக்கத்துக்கு மூன்றரை டாலர் எனக்கு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு
ஹால்வர்சனின் அக்கா டிராக்டரை விற்றுக் கட்டினாள்,
ரசீதை நாலாய் மடித்து வாங்கிக்கொண்டாள்.
இருநூற்று ஏழாம் பக்கம்,
பதினெட்டாம் வரிக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்
நான் காசு வாங்காத இடம் ஒன்று உண்டு என்று
அவளிடம் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில்.

நாளை ஒன்பது மணிக்கு மாட்டுத் திருட்டு வழக்கு.
குழாயைச் சரிபார்க்க ஆள் வந்து போனான்.
இப்போது சத்தமே இல்லை.