அம்மைப்பால்

ஐஸ் கிடைத்தது மீன்கடை லீயிடம்தான்.
பிளாஸ்கைத் திறந்தால் கெம்போங் மீன் வாடை.
உள்ளே மயிரிழைக் கண்ணாடிக் குழல்களில்
கிள்ளானிலிருந்து வந்த அம்மைப்பால்.

துறைமுகத்தில் ஒரு கப்பலை
மஞ்சள் கொடியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.
சனிக்கிழமைக்குள் எல்லாக் கையும் முடிய வேண்டும் என்று
மானேஜர் சொல்லிவிட்டார்.

விடியுமுன் பெரட்டுக் களம், கேஸ் விளக்கு,
நூற்றுப் பதினாறு கை.
வரிசையாகக் கீறிக்கொண்டே போனேன்.
"ஆழமாப் போவாதீங்க டிரெஸ்ஸரே,
பட்டையில காயம் பட்டா
கங்காணி கூலியப் பிடிப்பாரு"
என்றாள் சீரங்காயி.
வரிசையே சிரித்தது. நானும்.

அவள் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை, தவமணி.
கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான்,
சொறிந்து சொறிந்து நீர் கசியும் தோல்.
கரப்பான் உள்ள பிள்ளைக்குக் குத்தாதே
என்று புத்தகத்தில் இருக்கிறது.
நான் புத்தகம் படித்தவன்.
பெயருக்கு நேரே 'ஒத்திவைப்பு' என்று எழுதினேன்.
கையெழுத்து அன்று அழகாக வந்திருந்தது.

தாய்க்குச் சொன்னது இவ்வளவுதான்:
நனைக்காதே. சொறியாதே.
பிள்ளை எந்தக் கையில் தலைவைத்துத் தூங்கும் என்று
கேட்கவில்லை.
அது புத்தகத்தில் வேறு பக்கத்தில் இருந்ததா,
இல்லவே இல்லையா,
இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவள் புஜத்தில் பால் கட்டியது.
அதன்மேல் கன்னத்தை வைத்து
இன்னொரு பாலைக் குடித்தபடி
தூங்கிப்போனது பிள்ளை.

பதினாறாம் நாள் லயத்து வாசலில் வேப்பிலை.
பக்கத்து வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை.
கொப்புளங்களை எண்ணத் தொடங்கியவன்
கண்ணிமைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"ஆத்தாவா ஐயா?
தீ மிதிக்கறேன்னு நேந்துக்கிட்டு
ரெண்டு வருசமாப் போகல, அதுக்கா?"

ஆத்தா இல்லை, என் ஊசி என்று
சொல்ல வாய் இருந்தது.
லாரி வர இருபது நிமிடம் இருந்தது.
"இருக்கலாம்" என்றேன்.

கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில்
இருபத்தேழு நாள். பிழைத்தது.
அடுத்த திருவிழாவில்
சீரங்காயி நெருப்பில் நடந்தாள்.
அவள் உள்ளங்காலில் எழுந்த கொப்புளங்களுக்கு
மருந்து தடவிக் கட்டுப் போட்டவன் நான்.
காசு வாங்கவில்லை.
நல்ல மனசு ஐயா உங்களுக்கு, என்றாள்.

பிறகு ஆறு வருஷம்.
பத்தாங் பெர்ஜுந்தை டவுன் தமிழ்ப்பள்ளி,
முதலாம் வகுப்பு.
மிஸ்ஸி ரோக்கியா சட்டைக் கையை மேலேற்றி
ஒவ்வொரு புஜத்திலும் தழும்பு தேடுகிறார்.
மருந்துப் பெட்டி என் கையில்.

தவமணி வந்தாள்.
இடது புஜம் வழவழவென்று இருந்தது. வலதும் அப்படியே.
நெற்றி, கன்னம், கீழுதடுவரை
தூறல் நின்ற மணல்போல் குழி குழியாக.
மிஸ்ஸி முகத்தைப் பார்க்கவில்லை.
பாரத்தில் கையைப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறது.
'பெலும்', இன்னும் இல்லை, என்று எழுதிவிட்டு
ஊசிக்குக் கை நீட்டினார்.
பிள்ளையும் நீட்டியது, பயமில்லாமல்.

"சுடா" என்றேன். ஆயிற்று.
"தழும்பு எங்கே?"
முகத்தைக் காட்டினேன்.
மிஸ்ஸி வெகுநேரம் பார்த்தார்.
"யார் போட்டது?"
"சயா" என்றேன். நான்.

பால் நிறுத்துவிட்டு நேரே வந்தவள்,
உளி இன்னும் இடுப்பில்,
ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள் சீரங்காயி.
மலாய் அவளுக்கு நன்றாகத் தெரியும்.