இரங்கல் நாடா இல்லாத வளையம்

பெரியாஸ்பத்திரி பிணவறைக்கு எதிரே
பதினேழு வருசமாய் வளையம் கட்டுகிறேன்.
மூங்கில் பத்தை, வைக்கோல் பிரி,
சவுக்குத் தழை, சம்பங்கி, கோழிக்கொண்டை.
வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்:
நாடாவில் என்ன பேர் எழுத?

கார்த்திகைப் பாதியில் ஒரு மழைநாள்
பங்குச் சாமியார் வண்டியை ஓரங்கட்டி,
"சந்தியாகு, ஒரு வளையம்" என்றார்.
பேனாவை எடுத்தேன்.
"பேர் வேண்டாம். இன்னும் பிறக்கவில்லை."

நாலு திரி நிற்க நாலு பள்ளம்.
மூன்று ஊதா, ஒன்று ரோஸ்.
ஊதா எனக்குப் பழகிய நிறம்,
அடக்கப் பூசைக்கு அவர் உடுத்தி வருவது.
இது தவத்துக்கு என்றார்.
சவத்துக்கும் தவத்துக்கும்
ஓர் எழுத்துத்தானே சாமி என்றேன்.
சிரித்தார். பதில் சொல்லவில்லை.

விளக்குத்தூண் பக்கம் கடை கடையாய் ஏறியும்
ரோஸ் திரி
பிறந்தநாள் கேக்கில் குத்தும் ஒல்லியில்தான் கிடைத்தது.
வெள்ளைத் திரியை வாங்கிவந்து
பீட்ரூட் சாற்றில் ஊறப்போட்டாள் பிலோமி.
மெழுகில் சாயம் ஏறவில்லை, வீட்டுத் தரையில் ஏறியது.
கடைசியில் ரோஸ் நாடாவைத் திரியின் அடியில் சுற்றினேன்.
குழந்தைகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் நாடா.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் கட்டும் எதுவும்
ஒரு பொழுதுக்கு மேல் தாங்க வேண்டியதில்லை.
இதற்கு மட்டும் சனிக்கிழமைதோறும் போய்த்
தண்ணீர் தெளித்தேன்,
கருகிய தழையைப் பிடுங்கிப் பச்சை செருகினேன்.

மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு.
எங்கள் பங்கில் ரோஸ் திருவுடை கிடையாது.
பழைய ஊதாவையே போட்டு வந்தார் சாமியார்.
மொட்டைமாடிக் கொடியில் எத்தனை வெயில் தின்றதோ,
தோள்பட்டை இரண்டும் வெளுத்து
ரோஸாகியிருந்தது.
காத்துக் கிடந்தால்
ஊதாவும் இப்படித்தான் ஆகும்போல.
முன்வரிசைப் பெண்ணின் தலையில் டிசம்பர் பூ:
அதே ஊதா, அதே ரோஸ், ஊடே கொஞ்சம் வெள்ளை.
வாசமில்லை, காம்பு நிற்காதென்று
நான் ஒருநாளும் வாங்காத பூ.

நாலாம் ஞாயிறு திரிகள் படிக்கட்டாய் நின்றன.
முதலில் ஏற்றியது விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது.
அதற்குத்தான் நம்பிக்கை என்று பேராம்.

பிறப்புப் பூசைக்கு வெள்ளைத் திருவுடை.
நான் பின்வரிசையில் பாதி தூங்கிப்போனேன்.
விடியுமுன் செல்போன்: அண்ணே, ஒரு வளையம்,
அவசரம், ஆம்பளை, எழுபது வயசு.
கடையைத் திறந்து உட்கார்ந்தேன்.
வைக்கோலைச் சுற்றச் சுற்ற
கை தன் போக்கில் ஒரு பள்ளம் விட்டிருந்தது.

வாங்க வந்த மகன் விரல் வைத்துப் பார்த்தான்.
"இங்கே பூ உதிர்ந்துபோச்சா?"

இல்லை தம்பி, இடம்
என்றேன்.