டப்பா எடை போக

நண்டுக் கம்பெனித் தராசில் உன்னை வைத்த அன்று
மணி ஐந்து. கடைசி வல்லத்துச் சரக்கும் ஐஸில் ஏறிவிட்டது.
நீல டப்பாவை மூன்று முறை கழுவி
உன் அம்மாவின் பழைய நைட்டியை மடித்து விரித்து
டப்பா எடையைக் கழித்துப் பூஜ்யம் வைத்தேன்.
பிறகு உன்னை.

சிவப்பு எண்கள் நிற்கவே இல்லை.
காலை உதைத்தாய், ஐந்து எண்ணூறு.
கையை வீசினாய், ஆறு நூறு.
கொட்டாவி விட்டபோதுதான்
ஆறு கிலோ இருபது என்று ஒரு நொடி நின்றது.
பதினேழு வருடமாக மண்டபத்தில் எடை போடுகிறேன்,
உயிர் நண்டுகூட இவ்வளவு படுத்தியதில்லை.

"கிலோ என்ன விலைக்குப் போகுது?" என்றாள்
எஸ்கலின், நண்டு உடைத்த கை காயாமல்.
நான் பதில் சொல்வதற்குள்
நைட்டியை நனைத்துவிட்டாய்.
தராசில் ஒரு கிராமும் குறையவில்லை.
டப்பாவுக்குள் இருப்பதெல்லாம்
கணக்குப்படி நீதான்.

ஞானஸ்நானத்தில் ஜெனோவா.
எனக்குக் கூனி.
பிறந்த புதிதில் கூனி இறால் மாதிரி
முதுகை வளைத்து
முட்டியை நெஞ்சில் இடுக்கித்தானே உறங்கினாய்.
"பொம்பளப் பிள்ளையக் கூனின்னா கூப்பிடுவாக?
இவ வளரட்டும், ரெண்டு பேரும் சேந்து உதைக்கிறோம்"
என்றாள் பிரிஸ்கா.
சரி என்றேன்.
கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

கச்சான் அடித்த மத்தியானம்.
கூரைத் தகரம் தடதடக்க, சோற்றில் மணல் நறநறக்க
நீ குப்புற விழுந்தாய்.
நான் பக்கத்தில்தான் இருந்தேன்,
கரண்டு வந்துவிட்டதா என்று
விசிறியைப் பார்த்துக்கொண்டு.
திரும்பினால் முகம் இருந்த இடத்தில் பிடரி.
அதைப் பில் புத்தகத்தில் குறித்து வைத்தேன்,
கார்பன் தாளை மறந்து.
மறுநாள் முதலாளி, பிரதியைத் தூக்கிக்கொண்டு:
"கூனி குப்புற விழுந்ததுன்னு எழுதியிருக்கியே,
எந்த வல்லம்யா கவுந்துச்சு?
ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?"

பல்லைக் கண்டுபிடித்ததும் நாங்கள் இல்லை.
நண்டுச் சதைக்குள் ஓட்டுச் சில்லு தேடிப் பழகிய
எஸ்கலினின் ஆள்காட்டி விரல்.
"இங்க ஒண்ணு தட்டுப்படுது" என்றாள்,
கண்ணை மூடிக்கொண்டு, வேலை நேரத்துக் குரலில்.
சதையில் சில்லு இருந்தால் பெட்டியே திரும்பி வரும்.
இந்தச் சில்லுக்குக் கொழுக்கட்டை அவித்தோம்.
கொடுத்த விரலையே கடித்தாய்.

பிறகு அந்தச் சோழி.
வடகடல் கரையில் உன்னை இறக்கிவிட்டு
ஒரு போன் பேசினேன், ஒரே ஒரு போன்.
வாய் நிறைய மணல். விரல் விட்டு வழித்தபோது
ஏதோ ஒன்று உள்ளே போய்விட்டது.
இரண்டு நாள் பிரிஸ்கா என்னோடு பேசவில்லை.
இரண்டு நாளும் உன் துணியைக்
கிளறிப் பார்ப்பது என் வேலை.
மூன்றாம் நாள் விடியலில்
பாம்பன் ரயில் கூவிப் போகும் நேரம்,
அரிசியை விடக் கொஞ்சம் பெரிது,
கழுவினால் என்ன ஒரு பளபளப்பு!
பிரிஸ்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சிரிக்கக் கூடாது என்று இருந்தவள்
சிரித்துவிட்டாள்.

நேற்று வாடைக்காற்று.
வல்லங்கள் இறங்கவில்லை, எடைக்குச் சரக்கில்லை.
வெறும் தராசைத் துடைத்துப் பலகைமேல் வைத்திருந்தேன்.
தவழ்ந்து வந்து பலகையைப் பற்றி எழுந்தாய்,
உள்ளங்கையைத் தட்டில் ஊன்றினாய்.
முந்நூறு கிராம்.
இன்னும் அழுத்தினாய், எழுநூறு.
எண் மாறுவதைப் பார்த்துச் சிரித்தாய்,
உனக்கும் அது வேலை என்பதுபோல.
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
கையை எடுத்தாய்.

தராசில் பூஜ்யம்.
தராசுக்கு வெளியே நீ,
முதுகு நேராக,
எதையும் பிடிக்காமல்.

எஸ்கலினைக் கூப்பிட வேண்டும், பிரிஸ்காவைக் கூப்பிட வேண்டும்,
வாயில் வந்தது பழைய பெயர்தான்.
"கூனி!"

பொதக்கென்று உட்கார்ந்துவிட்டாய்.