பதின்மூன்றாம் கேள்வி

படிவம் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபா.
பொகவந்தலாவையிலிருந்து மூன்று மைல் ஏறினால்
கிளென்ஆர்டன் கீழ்க்கணக்கு,
ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
பவளக்கொடி அக்கா இடுப்புப் படங்கை அவிழ்த்து
வாசலில் உதறிக்கொண்டே
"கேளு" என்றாள்.

கட்சிப் பெயர்களைக் கொழும்பிலேயே மறைத்துவிட்டார்கள்.
அ, ஆ என்று இரண்டே விடை.

காணி உறுதி யார் பேரில்?
"என் பேர்ல. மகன் பேர்ல எழுதினா
மருமக கதவச் சாத்துவா."
நாட்கூலியா, மலையைப் பிரித்துக் கொடுப்பதா?
"பிரிச்சுக் குடு. ரெண்டாயிரம் செடி போதும்.
எந்தச் செடிக்கு என்ன நோவுன்னு
தொரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."
சந்தாவைச் சம்பளத்தில் வெட்டலாமா?
"கையில குடுக்குறேன். வேல செஞ்சா."
தோட்டத்துப் பள்ளிக்கு விஞ்ஞானப் பிரிவு?
இதற்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.
ஆணியில் தொங்கிய மகளின் புத்தகப் பையைப் பார்த்தாள்.
கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவளின் பை.
'ஆ' என்று நானே போட்டேன்.

பன்னிரண்டில் பதினொன்று 'ஆ'.
'ஆ' என்றால் சாவிச் சின்னம்.
அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பதின்மூன்று: எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பீர்கள்?
"இதென்னடி கேள்வி,
குடைதான்."

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து அழைப்பு.
கடைசி விடை பிழையாகப் பதிவாகியிருக்கிறதாம்.
முன்னுள்ள பன்னிரண்டோடு ஒட்டவில்லையாம்.
திரும்பப் போய்க் கேட்க வேண்டுமாம்.
பஸ் காசு தரமாட்டார்களாம்.

போனேன். தேத்தண்ணி தந்தாள்.
மறைத்ததையெல்லாம் திறந்து சொன்னேன்:
அக்கா, நீங்கள் கேட்பது எல்லாம்
சாவிக்காரர் நோட்டீசில் இருக்கிறது.

"இருக்கட்டும். நல்லா எழுதியிருக்கான்.
அவருக்குக் கொழும்புல பலகை சரிஞ்ச அன்னிக்கி
பொணத்தக் கொண்டார வேன் புடிச்சது
குடைக்காரன் தான்."
வேன் காசு?
"நாங்கதான் கட்டினோம். ஏழு மாசம்."
நட்டஈடு?
"எழுதிக்கிட்டுப் போனான். வரல."
பிறகு ஏன் என்று நான் கேட்கவில்லை,
என் முகம் கேட்டிருக்க வேண்டும்.
"ராவிருட்டுல பொணத்தோட
கடைசி வளைவு வரைக்கும் நடந்து வந்தான்டி.
சாவிக்காரன் மேடையில நல்லாப் பேசுறான்.
எங்க லயத்துக்கு வந்தா நாய் கொலைக்குது.
வேணுங்கிறத கேட்ட, சொன்னேன்.
யாரு ஆளுன்னு கேட்ட, அதையும் சொன்னேன்.
ரெண்டையும் ஏன் ஒரே கூடையில போட்டு நிறுக்கிற?"

பிழை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.
அந்த நூற்றைம்பது இன்னும் வரவில்லை.

தேர்தலன்று
அட்டை மறைப்புக்குள் நானும் நின்றேன்.
சீட்டு என் முழங்கை நீளம்.
முதலில் கட்சிக்குப் புள்ளடி.
பிறகுதான் கீழே,
இலக்கங்களுக்குப் போடும் விருப்பு வாக்கு.
மேலே கட்சி வெறுமையாக இருந்தால்
கீழேயுள்ள விருப்பை
எண்ணமாட்டார்கள்.

ஒரு ராத்திரி
எனக்கே ஒரு படிவம் நிரப்பிப் பார்த்திருக்கிறேன்.
பத்து 'ஆ'.
ஆனால் என் அப்பா குடை நோட்டீசு ஒட்டப் போனவர்.
மிஞ்சியவற்றின் பின்பக்கத்தில்தான்
எனக்கு 'அ' எழுதப் பழக்கினார்.
மலிவுத் தாள்.
'அ'வின் வயிற்றுக்குள்
மறுபக்கத்துக் குடை தெரியும்.

பின்னால் யாரோ இருமினார்கள்.
போட்டேன், மடித்தேன்.

வெளியே மழை பிடித்திருந்தது.
வரிசையின் பாதியில் பவளக்கொடி அக்கா,
தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு.
"போட்டியா?"
"போட்டேன்."
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
அவள் கையில் படிவம் இல்லை.