தெற்குவாடியில் ஒரு சாவி

கச்சான் தொடங்கி நாலாம் நாள்.
காயப்போட்ட சாளையைத் திருப்பும் நேரம்
இடது புருவத்துக்கு மேலே
யாரோ நங்கூரம் போட்டுவிட்டார்கள்.

மாத்திரை கூடாதென்று சொல்லிவிட்டாள்
மண்டபம் ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டரம்மா.
தினம் ரெண்டு போட்டுப் போட்டு
இப்போது மாத்திரையாலேயே வலிக்கிறதாம்.
சிரிப்பு வந்தது.
சிரித்தாலும் வலித்தது.

பனிமயம் நண்டுப்பெட்டிக்குள் கையை விட்டு
ஐஸ்துண்டொன்றை முந்தானையில் முடிந்து
பிடரியில் வைத்தாள்.
கணக்கப்பிள்ளை பார்க்கும்வரை சுகமாயிருந்தது.
செய்யது ராவியா சுக்கை உரசிப் பற்றுப்போட்டாள்.
நெற்றி எரிந்த எரிச்சலில்
வலி கொஞ்சம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
அழுத்தச் சொன்னாள் இன்னொருத்தி.
முள் குத்திய காயம் அங்கேதான்.

கரையேற்றிய வள்ளத்தின் நிழலில்
ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்தேன்.
இருட்டு நல்ல இருட்டுதான்.
பாலத்தில் ஏறிய ரயில்
ஒவ்வொரு பெட்டியாக
என் மண்டைக்குள் கடந்து போனது.

அப்போதுதான் டாக்டரம்மா கேட்டது ஞாபகம் வந்தது.
"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"
விடியுமுன் ஒரு செம்பு.
அந்தி சாய்ந்து ஒரு செம்பு.
"நடுவுல?"
நடுவில் வெயில்.
எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.
எப்படிச் சொல்வது அவளிடம்,
இந்தக் கரையில் ஆம்பளைக்குக்
கடல் முழுக்க மறைவு,
எங்களுக்குப் பூட்டிய கதவு ஒன்று.
நீலப் பெயிண்டில் 'மகளிர்' என்ற எழுத்து.
ரிப்பன் வெட்டிய மறுநாளிலிருந்து
சாவி, சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில்.

முந்தாநாள் பதினோரு பேர் போனோம்.
வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.
தலைவலி என்றோம்.
அவர் பெண்சாதி தைலப் பாட்டிலோடு வந்தாள்.
தைலம் வேண்டாம் மதினி,
அந்தா, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குதே,
அது.

பூட்டு உப்பேறி இறுகியிருந்தது.
மண்ணெண்ணெய் விட்டுத் திருப்பினாள் பனிமயம்.
உள்ளே கிழிந்த வலை, மிதப்புக்கட்டை,
யாரோ ஒளித்துவைத்த காலி பாட்டில்கள்.
வாரிப் போட்டுக் கழுவினோம்.
குடத்தில் தண்ணீர் வைத்தோம்.

இன்றைக்குக் கச்சான் நேற்றைவிட ஜாஸ்தி.
பொழுது உச்சிக்கு வருமுன்பே மூணு செம்பு.
வலி போய்விட்டதென்று சொல்லமாட்டேன்.
நங்கூரம் அங்கேதான் கிடக்கிறது,
கயிறு மட்டும் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது.

சாவி என் இடுப்பு முடிச்சில்.
வாடியில் யார் செம்பைத் தூக்கினாலும்
குடிக்குமுன்
ஒருதரம் என்னைப் பார்க்கிறார்கள்.