பொருளாளரின் ஓட்டு

பிப்ரவரி. ஆதூர் ஆறு கரை மீறி
மைதானத்தின் தென்கோடி கோல்கம்பங்கள்
முழங்கால் தண்ணீரில் நின்றன.
ரக்பி கிளப்பின் அறையில் ஒன்பது பேர்,
ஒன்பது ஈரக் கோட்டுகள்,
வாத்துக்கறி வாசம்.

தலைவர் கஸோபோன் மேசையைத் தட்டினார்:
இன்னொரு வருஷத்துக்கு இசிகேலியா,
இல்லை நம் பையன்களுக்கு ஒரு பயிற்சியாளரா?
இரண்டுக்கும் காசில்லை.
காசில்லை என்று சொல்ல வேண்டியவள் நான்.
பதினோரு வருஷப் பொருளாளர்.
யார் வாய் திறந்தாலும்
"எழுதிக்கொள், மாய்லிஸ்" என்றே முடிப்பார்கள்.

எழுதிக்கொண்டேன்.
மண்ணின் மைந்தர்களே ஆட வேண்டும் என்றார் லாஃபுர்காத்.
அவருடைய மைந்தர் இருவரும்
துலூஸில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார்கள்.
ஃபிஜிக்காரன் வந்த பிறகுதான்
டிக்கெட் விற்கிறது என்றார் கசாப்புக்கடை தாரிகோ.
போன ஞாயிறு முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகள்.
தொத்திறைச்சி எத்தனை முழம் போனது என்பதை
அவர் சொல்லவில்லை.
பதினாறு வயதுக்குக் கீழே நமக்குப் பதினோரு பேர்;
பக்கத்து ஊரில் நாலு பேரைக் கடன் வாங்கி
ஒப்பேற்றுகிறோம்.
அந்த நாலு பேர் உள்ளூரா வெளியூரா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

என் பெயோவின் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை.
இசிகேலி பதினொன்றாம் எண் சட்டை போடுவதால்
இருபத்து மூன்று போட்டுக்கொண்டு
பெஞ்சில் குந்தியிருக்கும் என் மகன்.
சுவரை, கோப்பைகளை, கூரை ஒழுகலைப் பார்த்தார்கள்.
என்னைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இசிகேலியை
தாக்ஸுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.
உங்கள் ஊரில் சனிக்கிழமை என்ன செய்வார்கள்
என்று சும்மா கேட்டேன்.
வீங்கிய தாடையோடு சிரித்தான்.

முன்பு பதினைந்து பேர் ஆட்டம், என்றான்.
ஒரு அண்ணன் ஜப்பான், ஒருவன் ருமேனியா,
நான் இங்கே.
பிறகு ஏழு பேர் ஆட்டம்.
இப்போது அதற்கும் விரல் விட்டு எண்ணுகிறோம்.
செவ்வாய்க்கிழமைப் படகில் ஏஜெண்ட் வருவான்.
பள்ளிக்கூட வாசலில் நின்று
பையன்களின் தொடையைப் பார்ப்பான்.

அப்படியென்றால் வராமல் இருந்திருக்கலாமே,
என்று கேட்டுவிட்டேன்.
புயலில் போன கூரை திரும்பியது இந்தக் காசில்தான்,
தங்கை நர்ஸுக்குப் படிப்பதும், என்றான்.
பிறகு, வலிக்கிறது, பேச வைக்காதீர்கள் என்றான்.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஏஜெண்ட் கமிஷன்: ஆயிரத்து எண்ணூறு.
விமான டிக்கெட். போர்வை இரண்டு. விசா.
பந்தை மார்போடு அணைக்க
அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரில்
ஒரு வரியும் இல்லை.
உள்ளூர்த் திறமையை வளர்க்க வேண்டும் என்கிறோம்.
எங்கோ ஓர் உள்ளூர் வளர்த்துவிட்டது.
நாங்கள் ரசீதுகூடக் கொடுக்கவில்லை.

கைகளை எண்ணினார் கஸோபோன்.
நாலு. நாலு.
இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
முதலில் ஒரு வரி எழுத வேண்டும் என்றேன்:
தீவுப் பயிற்சியாளருக்குத் தர வேண்டியது,
தொகை பிறகு, நிலுவை.
நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் தலைவர்.
எழுதுகிறவள் நான்தானே என்றேன்.
எழுதிவிட்டு
இசிகேலிக்குக் கை தூக்கினேன்.

தாய்ப்பாசம் என்று ஊர் வாய் மெல்லக்கூடாது என்றா?
இல்லை. முழுக்க இல்லை.
பையன்களுக்கு என்ன பதில்?
அதுவும் என்னிடம் இல்லை.
நிலுவையில் இரண்டாவது வரியாகப் போடலாம்.

வீட்டில் பெயோ நின்றபடியே
சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.
வெகுநேரம் கரண்டிச் சத்தம் மட்டும்.
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு கேட்டான்:
"பல்லைப் பிடுங்கினார்களா, அடைத்தார்களா?"